புலம்பல் நின்ற கூடம்

தனுதா குர்ப்பியெவ்ஸ்கா எந்த வேலையையும் சொல்லிக் கொடுத்தபடியே செய்கிறவள். பத்தொன்பது வயதில் பால் ஆலையில் சேர்ந்தபோது பாலாடைக்கட்டியைத் தாளில் மடிக்க ஒரு முறை காட்டினார்கள்: முதலில் இடது மூலை, பிறகு வலது, கடைசியில் அடிப்பக்கம். மடிப்பு வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும், வீட்டில் கணவனுக்கு ரொட்டி கட்டும்போது இடது மூலையில்தான் தொடங்குவாள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் அவளைப் பேக்கிங் கூடத்துக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதிகாரம் செய்யத் தெரிந்தவள் என்பதற்காக அல்ல. அதிகாரம் செய்ய அவளுக்கு இன்றுவரை தெரியாது.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட். வெள்ளை ரப்பர் பூட்ஸும் முடியை மூடும் தலைவலையும் மாட்டிக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். தனுதா கதவருகே நின்று, "என்ன சேதி?" என்பாள். நரேவ் ஆற்றங்கரையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "அதே பழைய தரித்திரம்தான்." அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அவரவர் சரக்கை அவிழ்ப்பார்கள். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு மருமகன், இன்னொருவருக்கு அரசாங்கம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது அங்கே அலட்டல். அடுத்தவர் கண்ணை உறுத்துகிற காரியம்.

இதில் வால்தெக்கை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், தொங்கு மீசை. அவன் வாயைத் திறந்தால் கூடத்தில் பாதிப்பேர் கை வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

"மூட்டு ரெண்டும் போச்சு, தனுசியா," என்பான், தனுதாவைச் செல்லப் பெயரில் அழைத்து. "பக்கத்து வீட்டு நாய் ராத்திரி பூரா பிரசங்கம் பண்ணுது. நம்ம ஃபாதர் பகல்ல பண்றார். ரெண்டுக்கும் நடுவுல நான் எப்போ தூங்குறது?"

"நாயாவது சீக்கிரம் முடிச்சுடும்," என்பாள் பெர்னதெத்தா, பெட்டிகளுக்குப் பட்டையிடும் இயந்திரத்தின் பின்னாலிருந்து. அவள் தனுதாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். நாக்கில் உப்பும் மிளகும் எப்போதும் இருக்கும். இந்த மூவருக்குள்ளும் நீ, நான், வா, போ தான். எந்தக் காலத்திலோ யாருடையதோ பெயர்த் திருநாளில், நாட்காட்டியில் அவர் பெயருக்கென்று குறித்த நாளில், கையோடு கை கோத்து ஒரு கோப்பை குடித்து 'நீங்க'வையும், 'அம்மா' என்பது போல் பெண்கள் பெயருக்கு முன் போடும் 'பானி'யையும் விட்டவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில், அந்த ஆண்டு செப்டம்பரில், வெண்ணெய்ப் பகுதியில் ஒரு மனிதர் வேலைக்கு வரவில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார் என்பதும், அண்ணன் கதவை உடைத்துக் காப்பாற்றினார் என்பதும் மறுநாள் தெரிந்தது. அவருடைய சூப்பர்வைசர் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு ஒண்ணும் தெரியலையே. தினமும் பார்த்தேனே." தனுதா அந்த முகத்தை மறக்கவில்லை. தன் கூடத்தில் அப்படி ஒன்று நடந்து, தானும் அதையே சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் அன்று அவளுக்குள் நுழைந்தது.

அக்டோபரில் நிர்வாகம் எல்லா சூப்பர்வைசர்களையும் கூட்டத்து அறையில் உட்கார வைத்தது. வார்சாவிலிருந்து கிங்கா என்ற மனநல நிபுணர் வந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிய, பொறுமையான பெண். ஆட்களின் மனநிலை சரிந்தால் எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் பயிற்சி. தூக்கம் கெடுவது, பசி குறைவது, காரணமில்லாத சோர்வு, சிடுசிடுப்பு, 'எதிலும் அர்த்தமில்லை' என்கிற பேச்சு: அறிகுறிகளை அச்சடித்த ஒரு சிறிய அட்டையையும் கொடுத்தாள்.

நடித்துப் பார்க்கும் கட்டம் வந்தது. கிங்கா தொழிலாளியாக நடித்தாள். தனுதாதான் சூப்பர்வைசர்.

"நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன், பானி தனுதா," என்றாள் கிங்கா தணிந்த குரலில். "எதுலயும் பிடிப்பே இல்ல."

"யாருக்குத்தான் இருக்கு?" என்றாள் தனுதா.

அறை முழுக்கச் சிரித்தது. கிங்காவும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இப்போ என்ன நடந்துச்சுன்னு பார்த்தீங்களா? நான் கதவைத் திறந்தேன். நீங்க மெதுவா சாத்திட்டீங்க."

தனுதாவுக்குக் காது சிவந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆறுதல் என்று நினைத்து அவள் எல்லாருக்கும் சொல்லிவந்த வாக்கியம் அது. தான் எத்தனை கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று அன்று மாலை பேருந்தில் யோசித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள்.

இரண்டாம் நாள் கிங்கா சொன்னது: "அறிகுறி தெரிஞ்சா அவங்களோட தனியா உட்கார்ந்து பேசுங்க." அவள் கிளம்பிய பிறகு பணியாளர் பிரிவின் ஹூபெர்ட் எழுந்து நின்று சொன்னது: "மூணு அறிகுறிக்கு மேல இருந்தா எனக்குப் பேரை அனுப்புங்க. வேற ஒரு நிபுணரோட கம்ப்யூட்டர் திரையில பேச ஏற்பாடு பண்றோம்." இரண்டும் ஒன்றுதான் என்று தனுதா நினைத்தாள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அறையில் அல்லவா சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். "என்ன சேதி?" என்று கேட்டாள். இந்த முறை பதிலைக் கவனித்துக் கேட்டாள். கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. தூக்கமில்லை என்றார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். இந்த நாட்டுக்கு விடிவே இல்லை என்றார்கள். அட்டைப்படி பார்த்தால் கூடத்தில் ஒரு ஆள்கூடத் தேறவில்லை. மத்தியானம் தன்னையே சோதித்துப் பார்த்தாள். அவளும் தேறவில்லை.

ஹூபெர்ட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "எல்லாருக்கும் இருக்குங்க."

"எல்லாருக்கும் இருக்க முடியாது, பானி தனுதா. ரொம்ப அதிகமா யாருக்கு?"

ரொம்ப அதிகமா என்றால் அதற்கு யோசிக்கவே வேண்டாம். வால்தெக்கின் பெயரையும் பெர்னதெத்தாவின் பெயரையும், இருவரும் தினமும் புலம்புவதையும் சொன்னாள். சொன்னபோது நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. இவர்கள் இருவரையாவது கை நழுவ விடமாட்டோம் என்று தோன்றியது.

இருவரையும் அதே வாரம் மாடியில் ஹூபெர்ட்டின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெர்னதெத்தா திரும்பி வந்தபோது தலைவலையைக்கூட மாட்டவில்லை. நேராகத் தனுதாவிடம் வந்தாள்.

"பானி சூப்பர்வைசர்," என்றாள்.

தனுதா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறாள் என்று.

"உங்களைத்தான். எனக்குத் தூக்கம் வரலைன்னு மேல சொன்னது நீங்கதானே? என் இடுப்பு, என் மருமகன், எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. தற்கொலை எண்ணம் வருதான்னு திரையில ஒரு பொண்ணு கேக்குறா. எனக்கு வர்றது மருமகனைக் கொல்ற எண்ணம்னேன். அதையும் குறிச்சுக்கிட்டா."

"பெர்னதெத்தா, உனக்கு உதவியா இருக்கும்னுதான்…"

"எங்க அப்பா காலத்துல, கட்சி ஆட்சியில, ஆலைக்கு ஒருத்தன் இருந்தான், போலீஸுக்கு இந்த மாதிரி உதவி பண்றதுக்கு. அவன் பேரு எல்லாருக்கும் தெரியும். நீங்களும் அதுவா ஆயிட்டீங்க. நல்லா இருங்க."

போட்டுக்கொடுப்பவள் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனுதா மறுத்திருக்கலாம். அந்த ஊரில் திருடன் என்று பெயர் எடுத்தவனால்கூட மறுபடி தலைநிமிர்ந்து நடக்க முடியும். அந்தச் சொல்லை வாங்கியவனால் முடியாது.

மறுநாள் காலை.

"என்ன சேதி?"

"நல்லா இருக்கேங்க. நன்றி."

அடுத்தவள்: "ரொம்ப நல்லா இருக்கேன், பானி சூப்பர்வைசர்."

அதற்கடுத்தவள்: "தூக்கம் வருது, பசிக்குது, எதிர்காலத்துல நம்பிக்கை இருக்கு."

வால்தெக் கடைசியாக வந்தான். மீசையை ஒரு முறை தடவினான். "நல்லா இருக்கேன்," என்றான். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

முதல் இரண்டு நாள் கோபம் என்று நினைத்தாள். கோபம் ஆறிவிடும். ஆனால் வாரங்கள் போயின. தேநீர் இடைவேளையில் அவள் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று, ஊறுகாய் வெள்ளரியைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். யாருக்கும் எங்கேயும் வலிக்கவில்லை. எல்லார் மருமகன்களும் திருந்திவிட்டார்கள். அவள் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர்கள் எல்லாம் ஒரே இரவில் முன்பின் தெரியாதவர்கள் ஆகிவிட்டது போல இருந்தது.

ஹூபெர்ட் மட்டும் மகிழ்ந்தான். "உங்க கூடத்துலதான் முன்னேற்றம் அதிகம், பானி தனுதா. பயிற்சி நல்லா வேலை செஞ்சிருக்கு."

"அப்படிங்களா?" என்றாள். அவன் கேலி செய்கிறானா என்றுகூட அவளுக்குப் புரியவில்லை.

டிசம்பரில்தான் அந்தப் பழைய பயம் மறுபடி தலைதூக்கியது. அதற்குக் காரணம் வால்தெக். மற்றவர்கள் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும்போது ஒரு குத்தல் இருக்கும், கண் ஓரத்தில் சிரிப்பு ஓடும். அவன் சொல்வதில் எதுவும் இல்லை. சும்மா சொன்னான். அவன் முழுப் பெயரான வால்தெமாருக்கு உரிய பெயர்த் திருநாள் வந்தது. பெயர்த் திருநாளுக்கு உரியவர் கேக் கொண்டுவருவதும், கூடம் முழுக்க நின்று 'நூறு வருஷம் வாழ்க' என்று பாடுவதும் அங்கே நினைத்துப் பார்த்துச் செய்கிற காரியமல்ல, மூச்சு விடுவது மாதிரி. வால்தெக் அன்றைய ஷிப்டை வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்தான். கொண்டுவந்த ரொட்டியை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுபோனான்.

இது என்ன? அவள் மேல் கோபமா? மற்றவர்களைப் போல அவனும் வாயை மூடிக்கொண்டிருக்கிறானா, இல்லை அவன் வாய் தானாகவே மூடிக்கொண்டதா? முன்பு அவன் தூக்கமில்லை என்றபோது அவனுக்கு ஒன்றுமில்லை. இப்போது நன்றாகத் தூங்குகிறேன் என்கிறான். அட்டையை எடுத்துப் பார்த்தாள். அட்டைப்படி அவன் பூரண ஆரோக்கியம்.

வார்சாவுக்குத் தொலைபேசி செய்தாள். கிங்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஹூபெர்ட் பெயர் கேட்டதைச் சொன்னபோது மட்டும் குறுக்கிட்டாள்.

"பேரா? பேரை யார் கேட்டது? நான் பேசத்தானே சொன்னேன்."

"நீங்க பேசச் சொன்னீங்க, அவர் அனுப்பச் சொன்னார். நான் அனுப்பினேன்."

"நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்," என்றாள் கிங்கா. "சரி, அந்த மனுஷர் முன்னாடி எப்படி இருப்பார்?"

"எப்பவும் புலம்புவார்."

"இப்போ?"

"நல்லா இருக்கேன்கிறார். அப்போ நல்லா இருக்காரா, இல்லையா? நீங்களே சொல்லுங்க. எனக்கு எது மேல எது கீழன்னே தெரியல."

"எனக்கும் தெரியாது, பானி தனுதா. இங்கே இருந்துக்கிட்டு யாராலயும் சொல்ல முடியாது. அவரைத்தான் கேக்கணும். நேரா. சாவுன்னா சாவுன்னே கேளுங்க. கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

சாவு என்று நேராகக் கேட்க வேண்டும். போட்டுக்கொடுத்த வாயால்.

அதற்கு முன் அவள் ஒரு முயற்சி செய்தாள். தேநீர் இடைவேளையில் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "என் மூட்டு விட்டுப்போச்சு," என்றாள். "கூரை ஒழுகுது. எம் புருஷன் மூணு வாரமா நாளைக்கு ஏறுறேங்கிறான். பொண்ணு பியாவிஸ்தோக்லேர்ந்து போன் பண்ணி, அப்பாவைத் திட்டாதேங்கிறா."

பெர்னதெத்தா தேநீர்க் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதுவும் அந்த அட்டையில இருக்குங்களா?"

"இல்ல," என்றாள் தனுதா. "கூரை நிஜமாவே ஒழுகுது."

"எங்க?"

"சமையலறையில. அடுப்புக்கு மேலேயே."

"சூப்பர்வைசர் வீட்டுக் கூரையாச்சே, அதுக்கும் எதையும் உள்ள வச்சுக்கத் தெரியாது," என்றாள் பெர்னதெத்தா. யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவ்வளவுதான். அது சமாதானமா, மேலும் ஒரு குத்தா என்று தனுதாவுக்குப் பிடிபடவில்லை. வால்தெக் அந்தச் சிரிப்பின்போது தலையைத் தூக்கவே இல்லை என்பதை மட்டும் பார்த்தாள்.

அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் வண்டி நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தாள். அவன் காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டிய இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டினான்.

"வால்தெக்."

"நல்லா இருக்கேங்க, பானி சூப்பர்வைசர். எழுதிக்குங்க."

"எழுத வரல." பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முன்னுரை ஒன்று இருந்தது. மென்மையான வாக்கியம். அது சுத்தமாக மறந்துபோனது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

சுரண்டுகிற கை நின்றது.

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். சிரிப்பான் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றாள்.

"தினமும் இல்ல," என்றான்.

கார் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

"லூசினா ஜெர்மனியில கிழவிகளைப் பார்த்துக்குறாள்ல," என்றான் வால்தெக், கண்ணாடியைப் பார்த்தபடி. லூசினா அவன் மனைவி. "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருவா. இனி வரலைன்னுட்டா. கோடையிலேயே சொல்லிட்டா."

"கோடையிலயா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"தினமும்தானே சொன்னேன். நாய் குரைக்குதுன்னு சொல்லல? தூக்கம் வரலைன்னு சொல்லல? வீட்ல சுவர்தான் இருக்கு. இங்க வந்து கத்தினா நீங்கல்லாம் சிரிப்பீங்க, பெர்னதெத்தா ஏதாவது எடக்கா சொல்லுவா. அதோட வண்டி ஒரு நாள் ஓடும். அப்புறம் மாடிக்குக் கூப்பிட்டாங்க. சரி, இங்கேயும் பேசக் கூடாதுபோலன்னு விட்டுட்டேன்."

அப்படியானால் அவனுக்கு ஒன்றுமில்லை என்று அவள் நினைத்த நாட்களிலும் ஒன்று இருந்திருக்கிறது. அப்படியானால் அவன் பெயரைச் சொன்னது சரிதானா? ஆனால் சொன்னதால்தானே இப்படி ஆனது? இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? யோசித்துப் பார்க்க அது நேரமில்லை. தனியாக விடாதீர்கள் என்று கிங்கா சொன்னது மட்டும் நினைவில் நின்றது.

"சாவியைக் கொடு," என்றாள்.

"எதுக்கு?"

"டாக்டரைப் பார்க்கப் போறோம். இப்பவே."

"உனக்கு என் வண்டி ஓட்டத் தெரியாது. கிளட்ச் ஒரு மாதிரி."

"சொல்லிக் கொடு. அப்படியே ஓட்டுறேன்."

கிளட்ச்சைப் பற்றி அவன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். இருமுறை நடுச்சாலையில் வண்டி நின்றது. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சேர்க்கை அறையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள்.

"கூட வந்தவங்க யாரு? மனைவியா?"

"இல்லைங்க."

"அக்கா, தங்கச்சி?"

"இல்லைங்க. சூப்பர்வைசர்."

"சூப்பர்வைசரா?" அந்தப் பெண் வால்தெக்கைப் பார்த்தாள். "வேலைக்குப் போகாம இருக்கச் சீட்டு வேணுமா, இல்ல சீட்டு வேண்டாம்னு சொல்ல இவங்க வந்திருக்காங்களா?"

"ரெண்டும் இல்ல," என்றான் வால்தெக். "வண்டி ஓட்ட வந்தாங்க. அதுவும் தெரியல."

அந்தப் பெண்ணுக்கு எதுவும் விளங்கவில்லை. உட்காரச் சொன்னாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். தனுதா ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தாள். கதவைச் சாத்துகிற வாக்கியம் எது, திறக்கிற வாக்கியம் எது என்று பிரித்தறிய முடியாமல் பேசாமலே இருந்துவிட்டாள். வால்தெக்கின் தொப்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போது தன் கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான். கதவு மூடியது. இனி தான் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? சொந்தக்காரி இல்லை. அதிகாரி என்ற முறையில் இருப்பது அவனுக்கு அவமானமா? கிளம்பினால் அது கைவிட்டதாகுமா? இரண்டு நாள் பயிற்சியில் இந்த இடம் வரவே இல்லை. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. மருத்துவர், தனுதா வயதுள்ள பெண், எட்டிப் பார்த்தாள்.

"தனுசியாங்கிறது யாரு?"

"நான்தான்."

"நீங்களும் உள்ள வரணுமாம். அவருக்கு இப்படிப் பேசி வழக்கமில்லையாம், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைங்கிறார். நீங்க 'என்ன சேதி'ன்னு கேட்டா வந்துடும்கிறார். இது என்ன முறைன்னு எனக்குப் புரியல. ஆனா வாங்க."

தினமும் கதவருகே கேட்ட அந்தக் கேள்வியை மனிதர்களிடம் எப்படிக் கேட்பது என்று தனுதாவுக்கு அந்த நேரத்தில் கொஞ்சமும் தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.